பக்கம் திருப்பியவள்

சுனாமி அன்று தீவில் எங்கள் பழைய வீட்டுக்குள் தண்ணீர் முழங்கால்வரை ஏறி இறங்கியது. எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பியானோவின் பெடல்கள் உப்புநீரில் ஊறிவிட்டன. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த என் இசைத்தாள்கள் மொத்தமும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஊரே ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தாள்களைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. தூக்கி எறிந்துவிடு என்றேன்.

என் மனைவி எறியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். பிறகு இஸ்திரி போட்டுத் தையல் நூலால் தைத்தாள். அவளுக்கு இசைக்குறி படிக்கத் தெரியாது. என்னிடம் வரிசை கேட்டுக் கேட்டுத்தான் அடுக்கினாள். படகு எஞ்சின் மெக்கானிக்கான அவள் தம்பி, பெடல்களைக் கழற்றி டீசலில் துடைத்துக் கொடுத்தான். மேட்டுப்பகுதியான டாலிகஞ்சில் வாடகைக்கு வீடு பிடித்ததும் நான்கு நண்பர்களைக் கூட்டிவந்து பியானோவை மேட்டில் ஏற்றியதும் அவன்தான். நான் பின்னால் நடந்து, "பார்த்து, பார்த்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசிக்கும்போது பக்கம் திருப்புவதும் அவள் வேலைதான். நான் தாடையை லேசாக அசைத்தால் திருப்புவாள். உப்பு ஏறிய காகிதம் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்தத் தாள் எதோடு ஒட்டும் என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பெரிய அரங்கில் வாசிக்க அழைத்தார்கள். வயலின் வாசிக்க என் பழைய நண்பர். கப்பல் அலுவலகத்தில் இருந்த வங்காளி. அதிகாரிகளும் மெயின்லேண்டிலிருந்து வந்த விருந்தினர்களும் முன்வரிசையில் உட்காருவார்கள் என்றார்கள். மேடையில் என் பக்கத்தில், என் தாடையைப் பார்த்துக்கொண்டு மனைவி உட்காருவது எனக்கு வெட்கமாகத் தோன்றியது. பக்கம் திருப்ப, இசை படித்த ஓர் ஆசிரியையை ஏற்பாடு செய்தேன். மனைவிக்கு ஓய்வு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டேன்.

புறப்படும்போது அவள் சொன்னாள்: "ஏங்க, மூணாந்தாளும் நாலாந்தாளும் ஒட்டிக்கிடும். முந்தியே வெரல வுட்டுப் பிரிச்சு வச்சிடணும். டீச்சர்ட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"அவங்க படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அன்று நல்ல மழை. மூன்றாம் தாள் திரும்பியபோது நான்காவதும் கூடவே போனது. என் கை அந்தரத்தில் நின்றது. நண்பர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே தன் பகுதியை மறுபடி முதலிலிருந்து எடுத்தார், அதுதான் பாட்டு என்பதுபோல. அவர் தந்த அவகாசத்தில் தாளைப் பிரித்துச் சேர்ந்துகொண்டேன். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவர் சிரித்தார். "க்யா தாதா, தோ பன்னா ஏக் சாத் கா கயே?" என்ன அண்ணே, இரண்டு தாளை ஒரே வாயில் விழுங்கிவிட்டீர்களா என்று கேட்கிறார். நானும் சிரித்திருக்கலாம். "இந்தக் குப்பையை அன்றைக்கே தூக்கிப் போட்டிருக்கணும்" என்றேன். கச்சேரி கேட்க வந்திருந்த என் மனைவி மடக்கிய குடையோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

பிறகு மேடைக்குத் திரும்பி ஒலிபெருக்கியில் நன்றி சொன்னேன். அரங்கத்தாருக்கு, நண்பருக்கு, ஆசிரியைக்கு.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. அடுத்த முறை வாசிக்க உட்கார்ந்தபோது கூப்பிட்டேன். "அடுப்புல வேல கெடக்கு" என்றாள். அந்த வாரம் நண்பரே சமையலறை வாசலில் நின்று, "பாபி, ஆவோ நா, வாங்க அண்ணி, தாதாவுக்குக் கை ரெண்டுதான்" என்று கெஞ்சினார். அவருக்கு டீ கொடுத்தாள், வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சென்னையிலிருந்து அதே இசைத்தாள்களைப் புதிதாக வரவழைத்தேன். அதையே மன்னிப்பாக நினைத்துக்கொண்டேன். கப்பலில் வந்த பார்சலை அவளே பிரித்தாள். ஒரு தாளைத் தடவிப் பார்த்து, "நல்லா வழுவழுன்னு இருக்கு. இனி நீங்களே திருப்பிக்கிடலாம்" என்றாள்.

அதன்பின் நான்கு வருஷம் உயிரோடு இருந்தாள். தப்பு என்னுடையது, வந்து உட்கார் என்று ஒருநாள் சொல்லியிருந்தால் வந்திருப்பாள். அவளை எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. நானே திருப்பிக்கொண்டேன்.