நாட்டாமை வீட்டுக்குப் போகாத பூ

இன்று எங்கள் ஊருக்கு இரண்டு பெண்கள் கேமராவோடு வந்தார்கள். கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டிய வேதாசலத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்களாம்.

அறுபதுகளில் விழுப்புரம் பக்கம் அவர் ஆடுகிறார் என்றால் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

திண்டிவனம் ஸ்டூடியோவில் எடுத்த பழைய போட்டோவைக் காட்டினார்கள். வேதாசலத்தின் பக்கத்தில், அதே கூத்தில் முகவீணைக் குழல் ஊதும் கோவிந்தன்.

"இவரு அவரோட தம்பின்னு நாட்டாமை மகன் சொன்னாரு. வேதாசலம் ஐயா ஒரு ஆம்பளையைத்தான் விரும்பினாருன்னு கேள்விப்பட்டோம். யாருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்க பாட்டி."

"தம்பியா? நல்லா சொன்னான்!"

பாஞ்சாலி கூந்தல் முடிக்கும் அன்று, அவள் தலையில் வைத்த பூவுக்குப் பெண்கள் முண்டியடிப்போம். முதல் பூ நாட்டாமை வீட்டம்மாவுக்கு என்பது வழக்கம். ஒரு வருஷம் வேதாசலம் அதைக் கோவிந்தன் காதில் செருகிவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர்களை எங்கள் ஊரில் ஆட விடவில்லை. நான் மறப்பேனா?

கேமரா முன்னால் சொன்னேன்: "சாவுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வீட்ல குடும்பம் பண்ணாங்கம்மா. தம்பியும் இல்ல, கிம்பியும் இல்ல."

நாட்டாமை மகன் ஓடிவந்தான். "ஏன் அத்தே பழசைக் கிளறிக்கினு இருக்கீங்க?"

"உங்கம்மாவுக்குக் கிடைக்காத பூவுக்கு நீ இன்னுமாடா அழுதுகினு இருக்கே?"

கேமராக்காரப் பெண் கேட்டாள்: "இன்னொரு தரம் சொல்றீங்களா பாட்டி, சத்தமா?"

சொன்னேன்.

படத்தில் அதை வைக்கிறார்களா பார்க்கலாம். அதுவரை நீங்கள் சொல்லுங்கள், உங்கள் ஊரில் யாரை யாருக்குத் தம்பியாக்கி வைத்திருக்கிறார்கள்?