பணமில்லா நீட்டிப்பு

தெருவில் அவரை எலி டாக்டர் என்பார்கள். அவர் எலிகளுக்கு வைத்தியம் பார்ப்பவரல்ல. மனிதனுக்கு வரும் ஈரல் நோயை எலிக்கு வரவழைத்து, அது என்ன பாடு படுகிறது என்று பார்ப்பவர். இந்த வேறுபாட்டை விளக்கப் போய் இரண்டு மூன்று பேருடைய சிநேகிதத்தை இழந்தபின் விளக்குவதை விட்டுவிட்டார். இப்போது அவரிடம் எலியும் இல்லை. தீவனத்துக்குப் பணம் நின்றதும் எலிகளை மேல்மாடி ஆய்வகம் எடுத்துக்கொண்டது. குடுவைகளில் வளரும் ஈரல் செல்கள்தான் மிச்சம். ஆனாலும் பெயர் போகவில்லை. பட்டப்பெயரை வளர்க்க யாரும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை.

வயது நாற்பத்தொன்று. அவருடைய துறையில் அது இரண்டுங்கெட்டான் வயது. முப்பத்தைந்து வரை 'இளம் விஞ்ஞானி' என்ற பெயரில் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கலாம். அதற்குப் பிறகு, சொந்த ஆய்வகம் வைத்திருப்பவர்தான் கேட்கலாம். சொந்த ஆய்வகம் வேண்டுமென்றாலோ, ஏற்கெனவே பணம் வாங்கியவராக இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. விண்ணப்பம் எழுதுவதிலும் ஒரு நேர்த்தி உண்டு. செய்யப்போவதை எழுதினால், நடக்குமா என்று சந்தேகப்படுவார்கள். ஆகவே செய்து முடித்ததையே செய்யப்போவதாக எழுதிப் பணம் வாங்கி, அந்தப் பணத்தில் அடுத்ததைச் செய்ய வேண்டும். எலி டாக்டர் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானவர். அதனால் அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை.

போன வருஷக் கடைசியில் திட்டம் முடிந்தது. ஆய்வகத் தலைவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"நீட்டிப்பு கொடுத்துட்டாங்க. இன்னும் ஒரு வருஷம்."

"பணம் சார்?"

"பணம் கிடையாது. பணமில்லா நீட்டிப்பு. காலம் இருக்குல்ல, அதைப் பாருங்க."

கிணறு இருக்கிறது, கயிறு இருக்கிறது, வாளியை மட்டும் கேட்காதே என்பது போன்ற ஏற்பாடு அது. மேஜை அவருடையதுதான், கதவில் பெயர்ப்பலகை அவருடையதுதான், செல்கள் அவருடையவைதான். சம்பளம் மட்டும் யாருடையதும் அல்ல. அன்று மாலை அக்காவிடம் போனில், "நீட்டிப்பு கிடைச்சிருச்சுக்கா" என்று மட்டும் சொன்னார். மறுபாதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா போனை வைத்துவிட்டாள். மாடியிலும் கீழேயும் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததே. மறுநாள் திருத்தியிருக்கலாம். மறுநாள் அவளே, "நாலாவது தடவையா உன்னை விடமாட்டேங்கறாங்களாமே, அவ்வளவு வேண்டியவனா நீ" என்றாள். அதைக் கேட்க நன்றாக இருந்தது. அங்கேதான் தப்பு நடந்தது.

இது நடந்து ஆறேழு மாதம் கழித்துத் தலைவர் மறுபடி கூப்பிட்டார். "ஒரு கல்லூரியில பேசணுமாம். உயிர்மருத்துவ ஆராய்ச்சியில் நிதியுதவியும் வேலைவாய்ப்பும்னு தலைப்பு. நீங்க போயிட்டு வாங்க. நான் நிதிக்கு எழுதிக்கிட்டிருக்கேன், நேரமில்ல."

நிதி உள்ளவருக்கு அதைப் பற்றிப் பேச நேரமில்லை. இல்லாதவர் போனார்.

நன்றாகவே பேசினார். வயிறு நிறைந்தவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் ருசிக்காது. இவர் பேச்சில் ருசி இருந்தது. திரையில் நான்கு படிகளைக் காட்டினார். முனைவர் பட்டம், பிறகு ஃபெல்லோஷிப், பிறகு இளம் விஞ்ஞானி நிதி, கடைசியில் சொந்த ஆய்வகம். ஒவ்வொரு படியிலும் ஒருவர் வெள்ளைக் கோட்டுடன் சிரித்துக்கொண்டு நின்றார். "தயங்கறவங்களுக்கு இந்தத் துறை இல்ல" என்று முடித்தபோது கைத்தட்டல் கிளம்பியது.

கேள்வி நேரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அக்கா மகள். அந்தக் கல்லூரியில்தான் அந்த வருஷம் நுண்ணுயிரியல் முடித்திருந்தாள். வீட்டில் மாமா, மேடையில் சார்.

"சார், நீங்க இப்ப எந்தப் படியில இருக்கீங்க?"

சபை சிரித்தது. அவரும் சிரித்தார். "மூணாவதுல நின்னுக்கிட்டு நாலாவதுக்குக் காலைத் தூக்கியிருக்கேன்மா."

அதற்கும் கைத்தட்டினார்கள். தூக்கிய கால் எத்தனை வருஷமாக அந்தரத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. காது மடல் சுட்டது. தண்ணீர் குடிப்பது போல டம்ளருக்குள் முகத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார்.

வாசலில் அவள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"மாமா, முடிவு பண்ணிட்டேன். ரத்த வங்கி வேலை வேணாம். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க, வரலேன்னு சொல்லிடப் போறேன். கிடைச்சிருக்கற ஆராய்ச்சி சீட்டையே எடுத்துக்கறேன்."

"அது நிரந்தர வேலையாச்சே."

"சீட்டுக்கும் ரெண்டு வருஷம் உதவித்தொகை தர்றாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நீட்டிப்பு வாங்கிக்கறது. உங்களுக்குக் கொடுக்கலியா?"

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வந்தது போல நடந்தார்.

வீட்டில் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளி ஆசிரியை, இப்போது அந்த வீட்டில் சம்பளம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். நடந்ததைக் கேட்டுவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது?"

"எனக்குச் சொன்ன மாதிரிதான்."

"உனக்கு நான் எங்கே சொன்னேன். நீயாத்தானே கண்டுபிடிச்சே."

அவள் ஒரு பையனுக்கு அரை மார்க் கூடப் போட்டாள்.

ஞாயிறு காலை இருவரும் போனார்கள். அக்கா தையல்காரி. கூடம் முழுக்கத் துணி. தரையில் விரித்த துணியைச் சுற்றி ஓரமாக நடந்து, ஊசி இல்லாத நாற்காலியாகப் பார்த்து உட்கார வேண்டும். எலி டாக்டர் உட்காரவில்லை.

"அக்கா, அவ அந்த வேலையில சேரட்டும். ஆராய்ச்சி வேணாம்."

அக்கா கத்தரியை நிறுத்தினாள். "நேத்து மைக்கு வச்சு ஊருக்கெல்லாம் வாங்க வாங்கன்னியாம். வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் வேணாமா?"

"எனக்கே சம்பளம் வரலக்கா. நீட்டிப்புன்னா காலம் மட்டும்தான். காசு இல்ல."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் செருப்பு. இரண்டும் மனைவி வாங்கித் தந்தவை.

"தம்பி, பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லு. ஏறின ஏணியை எட்டி உதைக்கிற ஆளா நீ? எவனாவது சம்பளம் இல்லாம தினம் ஆபீசுக்குப் போவானா?"

உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அக்கா மனைவியின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. நெசமா?"

சொல்லிடுங்க என்று முதல் நாள் சொன்னவள் அவள்தான். ஆனால் நாத்தனார் கேட்டதும் அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

"அவருக்கென்ன அண்ணி குறை. மாசாமாசம் வருது. தன்னைத் தாழ்த்திப் பேசறதே அவருக்குப் பழக்கம்."

"பாத்தியா" என்றாள் அக்கா.

மேடையில் பொய் சொன்னபோது காது மடல்தான் சுட்டது. தனக்காக இன்னொருத்தி, அதுவும் பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள், இவ்வளவு சரளமாகப் பொய் சொன்னதைக் கேட்டபோது உள்ளங்கால் வரை கூசியது. எத்தனை பேரிடம் சொல்லிப் பழகிய சரளம் அது.

"வேணாம்மா, சொல்லிடு" என்றார் மனைவியிடம். "என் மானத்தைக் காப்பாத்த அந்தப் பொண்ணு வேலையை விடணுமா?"

மனைவி கீழே கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்து மடித்தாள். பிறகு இன்னும் சின்னதாக மடித்தாள்.

"வருஷ ஆரம்பத்திலேர்ந்து வரல அண்ணி."

தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப ஏன் மாமா இன்னும் தினமும் போறீங்க?"

"ஈரல் செல்லுக்கெல்லாம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை உணவு மாத்தணும். நான் போகலேன்னா செத்துடும்." மீதியையும் சொன்னார். "அது ஒரு சாக்குதான். போகாம இருக்கத் தெரியல."

"அப்ப நேத்து பேசினதெல்லாம்?"

"படியெல்லாம் நிஜம்தான். அதுல நிக்கிறவங்களை மட்டும் பாத்துப் பாத்து எடுத்துப் போட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவருக்காக அவள் வெட்கப்படுவதைத்தான் பார்க்க முடியவில்லை.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். தையல்காரிகள் அழமாட்டார்கள், தைத்தது சரியில்லையென்றால் பிரித்துத் தைப்பார்கள்.

"ஏண்டி, நாளைக்குப் போய்ச் சேர்ந்துடு. அந்த ரத்த வங்கியில இன்னும் ஆள் எடுக்கறாங்களா?"

"ஒரு இடம் காலியா இருக்காம். மாமா படிச்சது அதுக்கு ரொம்ப ஜாஸ்திம்மா."

"ஜாஸ்தியா இருந்தா பிடிச்சுத் தச்சுக்கலாம். குறைச்சலா இருந்தாத்தான் கஷ்டம். கேட்டுப் பாரு."

எலி டாக்டர் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஈரலில் முனைவர் பட்டம் பெற்றவர், ரத்தப் பைகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு, அதுவும் அக்கா மகளின் சிபாரிசில். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவாங்கன்னும் கேட்டுடும்மா. செல்லுக்குப் போய்ட்டு வரணும்."

"கேக்கறேன் மாமா" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.