விட்டுவிட்ட இரண்டு வரிகள்

ஜெர்மனியில், பான் நகரத்தில் எங்கள் ஊர்க்காரர் கூடிய மண்டபத்தில் மாமி அன்றைக்குப் பின்வரிசையில் இருந்தார், மாம்பழ நிறச் சேலையோடு. இரண்டாயிரத்து மூன்று. நான் பேசுகிறேன் என்பதற்காக வேலைக்கு லீவு எடுத்து வந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் எங்கள் ஊரான ஊர்காவற்றுறையைப் பற்றி அங்கே எழுதிய கட்டுரையைத்தான் தமிழில் வாசித்தேன்.

கடலுக்குள் நிற்கிற கோட்டை, புகையிலை ஏற்றிப் போய் ஓடு கொண்டுவந்த தோணிகள், மாதா கோயில் பெருநாள் என்று முதற்பாதி நன்றாகத்தான் போனது. பிறகு வழக்கங்களுக்கு வந்தேன். தோணி கோட்டையைத் தாண்டிப் பாய் மறையும்வரை போனவன் வீட்டைக் கூட்டமாட்டார்கள். கூட்டினால் அவனையே கூட்டித் தள்ளினதாகும். கட்டுரைக்காகக் கேட்டபோது இதைச் சொன்னவர் மாமிதான். அவருடைய கணவர், என் அம்மாவின் தம்பி, சண்டைக்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவர் போன அன்று காலை தான் வீட்டைக் கூட்டியதையும் குரல் தாழ்த்திச் சொன்னார். கண்ணாடிப் போத்தில் ஒன்று விழுந்து உடைந்துவிட்டது; தரையில் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் சொன்னதில்லை என்றார்.

கட்டுரைக்குப் பக்கக் கணக்கு இருந்தது. போத்திலையும் பிள்ளையையும் வெட்டினேன். வெட்டியபின் வசனம் கூராக வந்துவிட்டதென்று எனக்குள் ஒரு புளுகம், பெருமை வேறு. “வழக்கத்தை நன்கறிந்த ஒரு பெண்ணே கணவன் போன காலையில் வீட்டைக் கூட்டினாள், அவன் திரும்பவில்லை.” பெயர் சொல்லவில்லை, அது போதும் என்று நினைத்தேன். அந்த மண்டபத்தில் அப்படிக் கணவனைக் கடலில் இழந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

முன்வரிசையில் அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். கைதட்டல் அடங்குவதற்குள் மாமி போய்விட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா என் பக்கம் திரும்பினார். “என்ரை தம்பி கடலிலை நிக்கேக்கை விளக்குமாறு எடுத்தவளோ?” என்றார். போத்திலைச் சொன்னேன், பிள்ளையைச் சொன்னேன்.

“இப்ப அவளுக்காண்டிக் கதை கட்டாதை. உண்மையெண்டால் அங்கை வாசிச்சிருப்பாய்.”

ஒரே சட்டி மீன்குழம்பைப் பங்கிட்டு வளர்ந்த இரண்டு வீடுகள். இன்றைக்கும் அம்மாவும் மாமியும் தேவாலயப் பூசையில் வெவ்வேறு வாங்குப்பலகையில்தான் இருக்கிறார்கள்.

அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். மாமி தேத்தண்ணி வைத்தார். நான் வாய் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்தக் கட்டுரைக்கு வாத்திமார் எத்தினை புள்ளி போட்டவை?”

குத்திக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

“வகுப்பிலை எனக்குத்தான் கூட, மாமி.”

“நல்லது ராசா” என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.