ஒரு கரண்டி தாளிப்பு

லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். காலையிலும் இரவிலும் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று பார்க்க ஆள் கிடையாது. அதனால் சமைக்காத உணவுக்கு மாறுவதை அந்த இரண்டு வேளைகளில் தொடங்கினேன். முதலில் காலை இட்லி போய்ப் பப்பாளி வந்தது. ஒரு மாதம் கழித்து இரவில் முளைகட்டிய பயறும் தேங்காயும். இதைப் பற்றி நான் பார்த்த வீடியோக்களில் சொன்னபடியே முதல் வாரம் தலைவலி, பிறகு உடம்பு லேசானது. அடுப்பே இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்று யாரிடமாவது சொல்லத் துடித்தேன்.

மதியத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். உப்பளம் பகுதியில் நான் வேலை பார்க்கும் கட்டட வரைபட அலுவலகத்தில் மூன்று பேர்தான்: படம் வரையும் அண்ணன், கடிதங்கள் அடிக்கும் அக்கா, நான். ஒன்றரை மணிக்கு மேஜையில் பழைய பேப்பரை விரித்து மூன்று டப்பாக்களையும் திறப்போம். யார் டப்பாவில் யார் கை என்பதே கிடையாது. ஒரு நாளில் நான் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த அரைமணி நேரம்தான். அதில் கைவைக்கப் பயமாக இருந்தது.

ஆனாலும் ஆர்வம் விடவில்லை. நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை என் டப்பாவில் முளைப்பயறு, கேரட், கொய்யா. அண்ணன் ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டே, "மாட்டுக்கு வெச்சத நீ தூக்கினு வந்துட்டியா தம்பி?" என்றார். நானும் சிரித்தேன். வழக்கம்போலத் தங்கள் டப்பாக்களை என் பக்கம் நகர்த்தினார்கள். வேண்டாம் என்றேன். அக்காவின் சுறாப்புட்டைக்கூட வேண்டாம் என்றேன். என்சைம், சத்து, சூடு பட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை விளக்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் டப்பாக்கள் என் பக்கம் வருவது நின்றுவிட்டது. என் டப்பாவுக்கும் யார் கையும் வரவில்லை.

அடுத்த வாரம் அக்கா ஒரு சின்ன டப்பாவைத் தனியாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "உனக்குன்னே செஞ்சேன். அடுப்புல வெக்கவே இல்ல."

ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல். மேலே பொரிந்த கடுகு, கறுத்த மிளகாய், எண்ணெய் மினுமினுப்பு. பழக்கத்தில் கை தானாகத் தாளித்திருக்க வேண்டும்.

"தாளிச்சிருக்கீங்களேக்கா," என்றேன். "காஞ்ச எண்ணெ பட்டா அது பச்சை இல்ல."

வகுப்பில் தப்பைக் கண்டுபிடித்த மாணவனின் குரல். அக்கா டப்பாவையே பார்த்தார். "ஆமால்ல," என்று மட்டும் சொல்லி மூடிவிட்டார். அண்ணன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார்.

வீட்டுக்குப் போகும்போது வண்டியிலேயே உறைத்தது. ஒரு கரண்டி எண்ணெயில் நான் என்ன கெட்டுப்போயிருப்பேன்? மறுநாள் அக்கா எலுமிச்சைச் சோற்றைத் திறந்ததும், கூச்சத்தை விட்டுக் கையை நீட்டினேன். "கொஞ்சம் குடுங்கக்கா."

அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. "உனக்கு ஆவாதுப்பா. இவ்ளோ நாள் கஷ்டப்பட்டு வந்துட்ட. எங்களால கெட வேணாம்."

அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவு நன்றாக விளக்கியிருந்தேன் அவர்களுக்கு.

முளைப்பயறு மெல்ல நேரமாகும். இருவரும் கை கழுவி, பேப்பரின் தங்கள் பக்கத்தை மடித்துவிட்டுப் போன பிறகும் நான் மென்றுகொண்டிருந்தேன்.