மேட்டுக்காகக் கழித்த இருபது

நான் ஒரு பொய்யை எழுதினேன். ஒரு அட்டையில், இரண்டே இரண்டு எண்கள்... அவ்வளவுதான் அந்தப் பொய். அதனால் ஒரு குழந்தை இறந்தது.

நான் மருத்துவமாது, பிரசவம் பார்க்கிறவள். ஹந்தானையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் பார்ப்பது என் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் கீழே, கிளினிக் மேலே. வயிற்றைச் சுமந்துகொண்டு படியேறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், பிரஷரும் கூடத்தான் காட்டும். பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரியாதென்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும்.

ஆனால் உட்கார இருப்பதோ ஒரே வாங்கு. பன்னிரண்டு மணிக்குள் கொழுந்தெடுக்கத் திரும்பாவிட்டால் அவர்களுக்கு அரைநாள் சம்பளம் போய்விடும். ஆகவே நானே ஒரு வழி வைத்திருந்தேன். மேடு ஏறி வந்ததற்காக இருபதைக் கழித்து எழுதிவிடுவேன். பல வருடங்களாக அப்படித்தான். ஒன்றும் ஆகவில்லை. அதை என் கெட்டித்தனம் என்றே நம்பினேன்!

செல்வமேரிக்கு எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. அன்று அவளுக்கு நூற்றைம்பதுக்கு நூறு காட்டியது.

"தல பாரமா இருக்கு மிஸ். கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி தெரியுது," என்றாள்.

"மேடு ஏறினா அப்பிடித்தான். தண்ணி குடிச்சிட்டுப் போய்ப் படுங்க," என்றேன்.

நூற்று முப்பதுக்கு எண்பது என்று அட்டையில் எழுதினேன். அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

இரக்கத்தினால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அன்று பிற்பகல் வத்தேகமவில் என் மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். உள்ளதை உள்ளபடி எழுதினால் கடிதம் எழுத வேண்டும், வாகனம் தேட வேண்டும், அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு பஸ் தப்பிவிடும். நான் பஸ்ஸைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை கொழுந்து மலையிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையை முடியவில்லை. ஆண் பிள்ளை.

செய்தி கேட்டு நானும் போனேன். அங்கிருந்த டொக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். கர்ப்ப காலத்து ஓமோன்கள் இரத்தக்குழாய்களைத் தளர்த்திக் கொடுக்கும். குழாயை இறுக்கும் ஓமோன் சுரந்தாலும் உடம்பு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அவளுக்கு வந்த இந்தக் கர்ப்பகாலப் பிரஷர் நோயில் எல்லாம் தலைகீழ். அந்த ஓமோன் கொஞ்சம் சுரந்தாலே குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், நரம்புகளும் சேர்ந்து இறுக்கும். மேடு ஏறியதால் கூடிய பிரஷர் உட்கார்ந்தால் இறங்கிவிடும். இது உட்கார்ந்தாலும் இறங்காது...

அதற்குத்தான் அந்தப் பதினைந்து நிமிடம்!

பிறகு அவர் அட்டையைப் புரட்டினார். "போன கிளினிக்ல நல்லாத்தானே இருந்திருக்கு. திடீர்னு ஏறியிருக்கு. நீங்க என்ன செய்ய முடியும் மிஸ்?" என்றார்.

நான் தலையாட்டினேன். நீங்களாக இருந்தால் வாயைத் திறந்திருப்பீர்களா? நான் திறக்கவில்லை.

அட்டையில் குற்றம் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கத்தானே வேண்டும்? லயத்தில் தேடினார்கள். செல்வமேரியின் மாமியார் கண்டுபிடித்தாள். மருமகள் ஆசைப்பட்டு இரண்டு நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாளாம், அந்த உப்புத்தான் பிள்ளையைக் கொன்றதாம். புருஷனும் அதை நம்பினான். இப்போது அவன் அவளோடு பேசுவதில்லை.

போன வாரம் அவளைப் பார்க்க லயத்துக்குப் போனேன். நான் உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"நாக்க அடக்கத் தெரியாம என் புள்ளய நானே கொன்னுட்டேன் மிஸ்," என்றாள். "எல்லாரும் ஏசுறாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னைய ஒரு வார்த்த ஏசல."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்கப் போவதில்லை. சொன்னால் என் வேலை போகும், அவள் மேல் இருக்கும் பழியும் போகும். இரண்டையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இனிமே உப்பக் குறைச்சுக்கங்க."

அவள் சரியென்று தலையாட்டினாள்.