செல்வராணி எழுதிய நான்கு வரிகள்

வீரபாண்டியைத் தாண்டும்போது போன் அடித்தது. பைக்கை ஓரங்கட்டிப் பார்த்தால் செல்வராணியின் எண். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர் தேறிவிட்டார் என்றே நினைத்து, "சொல்லும்மா, எப்ப ஆபீசுக்கு வர்ற?" என்றேன். பேசியது அவருடைய மகள். "மாமா, அம்மா போயிட்டாக." அந்தப் பிள்ளையிடம் போய் அப்படிக் கேட்டேனே என்று இன்றும் மனம் கூசுகிறது.

பழனிசெட்டிபட்டியில், டயர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஆறு வருடம் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம். திராட்சை லோடு ஏற்றும்போது தோட்டக்காரர்கள் போனில் விரலால் கையெழுத்துப் போடுவதற்கு ஓர் ஆப் செய்தோம். நிதானமாகப் போட்டால் ஒழுங்காக வந்தது. வேகமாக இழுத்தால் வளைவெல்லாம் ஒடிந்து கோணல்மாணலாக நின்றது. சுருளிப்பட்டிப் பெரியவர் ஒருவர், "இது ஏங் கையெழுத்தே இல்ல" என்று லோடையே நிறுத்திவிட்டார்.

நான் சோம்பேறி. 'மெதுவாகக் கையெழுத்திடவும்' என்று திரையில் ஒரு வரியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அந்த வரி இல்லை. செல்வராணி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். "அம்பது வருசமாப் போடுற கையெழுத்துண்ணே. நம்ம போனுக்காக அவுக மாத்திக்கிடணுமா?"

இரண்டு நாள் கண்ணாடியில் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "போன் மேல பழி போடாதீக. விரல் வேகமா ஓடுனா அது நாலஞ்சு புள்ளியச் சேத்து ஒரே சேதியாத் தருது. நாம கடைசிப் புள்ளிய மட்டும் எடுத்துக்கிட்டு, நடுவுல உள்ளதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டோம்." விடுபட்ட புள்ளிகளையும் சேர்த்து வரைய ஆப்பின் நிரலில் நான்கு வரி எழுதினார். கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது.

அன்று மாலை முதலாளி போனில், "நீதான சரி பண்ணுன?" என்று கேட்டார். "ஆமா, நாந்தான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. பக்கத்திலேயே இருந்த செல்வராணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டீ ஆறுதுண்ணே" என்றார். ஊரையே ஒரு பிடி பிடிப்பவர், அதற்கு மட்டும் என்னோடு சண்டை போடவில்லை. ஒருமுறை திட்டியிருக்கலாம். அந்தத் திட்டுக்கு நான் இன்று ஏங்குகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் வீட்டுக்கு முதலாளியோடு அந்தச் சுருளிப்பட்டிப் பெரியவரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங் கையெழுத்தத் திருப்பிக் குடுத்த புண்ணியவான்" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். செல்வராணியின் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லங்கய்யா. செஞ்சது செல்வராணி."

பெரியவர் கையை விட்டுவிட்டார். செல்வராணியின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முன்னமே சொல்லியிருந்தா, அந்தப் புள்ளகிட்ட நேர்ல ஒரு வார்த்த சொல்லியிருப்பேனேய்யா."

பெரியவரிடமிருந்து நான் வாங்கி வைத்திருப்பது 'புண்ணியவான்' என்ற அந்த ஒரு வார்த்தைதான். அது செல்வராணிக்குச் சேரவேண்டியது. கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.