படிப்புக்குக் கொடுத்த தாடை

என் மனைவியை நான் ஒரு தரம் அடித்திருக்கிறேன். கைமுட்டியால், முகத்தில். இந்த வெள்ளைக்கார நாட்டில், பாபகூரா என்கிற ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். போலீஸ் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் பிழை இல்லை. எப்படி நடந்தது என்பது மட்டும் அதில் இல்லை.

அவள் நர்ஸ். ஆப்பரேஷன் தியேட்டரில் வேலை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவுகிற வேலைக்கு மேற்படிப்பு ஒன்று உண்டு. அதில் சேர்ந்திருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிற பகுதியில் கத்தி பிடிக்கிறேன்.

படிப்புக்காரர் கேட்டதையெல்லாம் அவள் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். நர்ஸ் பட்டம். தியேட்டரில் நின்ற அனுபவம். மேலதிகாரிகளின் கடிதம். தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ். நின்றுபோன நெஞ்சை அமுக்கி ஓடவைக்கிற பயிற்சிக்கு ஒரு சான்றிதழ். உதவிக்கு நின்ற ஒவ்வொரு ஆப்பரேஷனையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு மேல் கைவேலைச் சோதனைகள். ஒரே சோதனையில் இரண்டு தரம் பெயிலானால் வெளியே போக வேண்டியதுதான்.

ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தாள். தாடைச் சோதனையில் விழுந்தாள்.

ஆள் மயங்கினால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். காதுக்குக் கீழே, தாடை எலும்பு வளைகிற இடத்தில் இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்து எலும்பை முன்னால் தூக்க வேண்டும். கடுமையாக நோகும். அரை மயக்கத்தில் கிடப்பவர் முனகுவார், கையை வீசுவார். அப்போதும் விடக்கூடாது. விட்டால் மூச்சு அடைக்கும். சோதனை அன்று ஒரு வயதான பெண் முனகினாள். இவள் விட்டுவிட்டாள். டாக்டர் இவள் கையைத் தட்டிவிட்டுத் தானே பிடித்தார். படிப்பிக்கிற வெள்ளைக்காரி தாளில் எழுதினாள்: கை இளகுகிறது.

அன்று சாப்பிடும்போது சொன்னேன்.

"எங்கட இடத்திலயும் மயக்கித்தான் வெட்டுறது. தலையில கரண்ட் வைக்கிறவனுக்கும் சேர்டிபிகேட் வேணும். அவன் இளகினா ஆடு முழிச்சுக்கொண்டு கிடக்கேக்க கத்தி இறங்கும்."

"உங்கட ஆடு எழும்பாது. என்ர ஆள் எழும்பவேணும்," என்றாள்.

பொம்மையில் பழகிப் பார்த்தாள். பொம்மை முனகாது. அதனால் பயனில்லை.

"என்னில செய்யும்," என்றேன்.

"நோகுமப்பா."

"நோகட்டும்."

என் இடது தாடையில் ஒரு முடிச்சு இருக்கிறது. பைக்கில் விழுந்தது என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். அது பொய். ஊரில், சண்டைக் காலத்தில், ஆமி முகாமில் வைத்து உடைத்தது. ஒருவன் காலில் ஏறி இருந்தான். ஒருவன் ஈரச் சாக்கை முகத்தில் போட்டு இறுக்கினான். மூன்றாவது ஆள் துவக்குப் பிடியால் காதுக்குக் கீழே இடித்தான். எலும்பு உடைந்த சத்தம் மண்டைக்குள் கேட்டது. பிறகு ஆட்களின் பெயர் கேட்டார்கள். வாயை மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப அதே இடத்தில் இடித்தார்கள்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால் கதை நீளும். எனக்கு நீளக் கதைக்க வராது.

முதல் இரண்டு ஞாயிறும் பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் தலைமாட்டில் முழங்காலில் நின்று பிடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டு "இன்னொருக்கா" என்றேன். மூன்றாம் ஞாயிறு ஆஸ்பத்திரியில் காலாவதியான, மயக்க வாயு கொடுக்கிற ரப்பர் மாஸ்க் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். வியாழக்கிழமை இரண்டாம் தரம் தாடைச் சோதனை. அங்கே மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டுதான் தாடையைத் தூக்க வேண்டுமாம்.

மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடியது. என் மூச்சே எனக்குச் சூடாகத் திரும்பி வந்தது. விரல் முடிச்சில் ஏறியது. நான் முனகினேன். அவள் விடவில்லை. இன்னும் தூக்கினாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்குத் தெரியாது.

தெரிந்தபோது அவள் சுவரோடு கிடந்தாள். நான் அவளுக்கு மேல் இருந்தேன். இடது கையில் அவள் தொண்டை. வலது கை அடுத்த அடிக்கு ஓங்கியிருந்தது. அவள் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். வாயால் இரத்தம் வந்து சட்டையில் ஒழுகியது.

கையை எடுத்தேன். எழும்பி மற்றப் பக்கச் சுவருக்குப் போய் இருந்தேன். அவள் நாக்கால் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். நல்ல காரியம். இரண்டு பேர் வந்தார்கள். போலீஸ்காரி அவளைக் குசினிக்குக் கூட்டிப் போனாள். போலீஸ்காரன் என்னோடு நின்றான்.

யார் அடித்தது என்று கேட்டான். நான் என்றேன். ஏன் என்றான். அதற்கு என்னிடம் இங்கிலிஷ் இல்லை. தமிழும் இருக்கவில்லை.

குசினிக்குள் அவள் விளங்கப்படுத்துவது கேட்டது. படிப்பு, சோதனை, தாடை, மாஸ்க். போலீஸ்காரி வெளியே வந்தாள். தரையில் கிடந்த மாஸ்க்கைக் குனிந்து எடுத்து அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தாள். நீ சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று அவளிடம் சொன்னாள். ஆனால் கழுத்தில் இருக்கிற விரல் அடையாளம் சோதனைக்குப் பழகியதில் வந்தது இல்லை என்றாள்.

அது சரியான கதை. நான் தலையாட்டினேன்.

ஐந்து நாள் உத்தரவு எழுதினார்கள். வெள்ளிக்கிழமை வரை நான் வீட்டுக்கு வரக்கூடாது. போன் எடுக்கக்கூடாது. யாரிடமும் சொல்லி அனுப்பவும் கூடாது. வேலை உடுப்பை ஒரு பையில் போட்டேன். அவள் வாசலில் வந்து நின்றாள். ஒரு கண் மூடத் தொடங்கிவிட்டது. சோதனையை நானே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

கொஞ்சம் தள்ளி, பக்குரங்காவில் ஒரு கூட்டாளி இருக்கிறான். மதுரைப் பக்கத்து ஆள். என்னோடு வேலை செய்கிறவன். கராஜில் மெத்தை போட்டுத் தந்தான்.

"என்னண்ணே, வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்களா?"

"அடிச்சுப்போட்டன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"அண்ணியவா? நெசமாவா?"

"ஓம்." பாயையும் மாஸ்க்கையும் சொன்னேன். முகாமைச் சொல்லவில்லை.

"நல்லா இருக்குண்ணே. படிக்கிறதும் அவங்க, அடி வாங்குறதும் அவங்களா?"

அவன் மனைவி ஐந்து நாளும் சாப்பாடு போட்டாள். ஐந்து நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் கோபிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை கத்தி இரண்டு தரம் நழுவியது. கம்பிக் கையுறை இல்லாவிட்டால் பெருவிரல் போயிருக்கும். போர்மன் கத்தினான். இறைச்சி அடுக்கிப் பெட்டி கட்டப் போகச் சொன்னான். இந்நேரம் அவள் அங்கே நிற்பாள். அல்லது அந்த முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கேட்க வழி இல்லை. பெட்டி கட்டினேன்.

வெள்ளிக்கிழமை உத்தரவு முடிகிற நேரம் கழிந்து அரை மணித்தியாலம் தெருவில் நின்றுவிட்டுத்தான் பெல்லை அடித்தேன். என்னிடம் கதவைத் திறக்கிற திறப்பு இருந்தது. ஆனாலும் அடித்தேன்.

அவள் திறந்தாள். கன்னம் ஊதாவும் மஞ்சளுமாக இருந்தது.

"வாங்கோ."

மேசையில் இருந்தோம். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பாஸ்."

"உள்ள விட்டவையோ, இந்த முகத்தோட?"

"அந்தப் படிப்பிக்கிற மனிசி தனியக் கூப்பிட்டு ஆர் அடிச்சதெண்டு கேட்டவ. என்ர மனிசன் எண்டன். பிறகு செய்யலாம், இது பெயிலாக் கணக்கெடுக்க மாட்டம் எண்டவ. நான் இண்டைக்கே செய்யிறன் எண்டுட்டன்."

"பிறகு?"

"பெரிய ஆளப்பா. லொறி ஓடுறவராம். உடம்பெல்லாம் பச்சை குத்தி. மூச்சு அடைச்சுப்போச்சு. தூக்கினன். முனகினார், கையை வீசினார். என்ர தோளில பட்டது. நான் விடேல்லை."

நல்லது என்றேன். அவள் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"அது பைக்கில விழுந்ததில்லை," என்றாள்.

அவள் என் இடது தாடையைப் பார்த்தாள்.

"முதல் ஞாயிறு கை வைச்ச உடன தெரியும். பைக்கில விழுந்த எலும்பு அப்பிடிப் பொருந்தாது. ஒரே இடத்தில திரும்பத் திரும்பக் கனதரம் உடைஞ்சிருக்கு."

"தெரிஞ்சுகொண்டோ அமத்தினீர்?"

"ஓம்."

"ஏன்?"

"நீங்கள் விடச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா விட்டிருப்பன். விட்டுப் பழகியிருந்தா நேற்றும் விட்டிருப்பன்." தண்ணீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். "அதுக்காக நீங்கள் அடிச்சது சரியெண்டில்லை."

"இல்லை."

"ஆர் உடைச்சது?"

சொன்னேன். மூன்று பேர், சாக்கு, துவக்குப் பிடி. ஐந்தாறு வசனத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருடம் அதை நீளக் கதை என்று நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. இனி ஒருநாளும் என் முகத்தில் கைவைத்துப் பழகமாட்டேன் என்றாள். கொப்பியில் இன்னும் கன ஆப்பரேஷன் எழுதக் கிடக்கிறது என்றாள். பிறகு சோதனைக் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

தண்ணீர்க் கோப்பை அவள் பக்கம் இருந்தது. எட்டி எடுக்கக் கையை நீட்டினேன்.

அவள் தலை சட்டென்று பின்னால் போனது. கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். தலை போனது அவளுக்குத் தெரியவில்லை.

கையைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்தேன். விரித்து, அவளுக்குத் தெரிகிற மாதிரி.